காற்று திரும்பும் காலம்

இந்த அத்தியாயத்தில் இலை உதிர்வதைத் தேடச் சொல்லப்போவதில்லை. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் பருவகாலப் படத்தில் கோடைக்கு அடுத்த கட்டத்தில் செம்பழுப்பு இலைகள் கொட்டிக் கிடக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செப்டம்பர், அக்டோபரில் அது நடக்கிறது. அதே மாதங்களில் நம் ஊரில் காய்ந்த தரை பச்சை பிடிக்கிறது. நம் காட்டு மரங்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் இலை கொட்டும். தெருவோர நாட்டு வாதுமை மட்டும் விலக்கு. அது ஆண்டுக்கு இரண்டு முறை இலை உதிர்க்கும். உதிர்க்குமுன் இலை செக்கச் சிவக்கும். அந்த ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு நம் ஊருக்கும் இலையுதிர் காலம் வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

தொல்காப்பியம் வகுத்த ஆறு பருவங்களில் ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். வேனில் முடிந்து கார் பிறந்து கூதிருக்குள் நுழையும் நூறு நாள்தான் நமக்கு வாய்த்த திருப்பம். ஆடி நடுவில் தொடங்கி ஐப்பசி முடிய என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கணக்கில் ஆகஸ்ட் தொடக்கம் முதல் நவம்பர் நடு வரை. மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் இந்த நாட்களில் காற்று திசை மாறுவதை ஒட்டியே வருகின்றன. அதனால் காற்றைக் கவனிக்கக் கற்றுக்கொண்டவர் பாதி வேலையை முடித்தவர் ஆகிறார்.

எங்கே நிற்பது

பயணம் போக வேண்டாம். காட்டுக்கோ ஏரிக்கோ போனால் நிறையப் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சிறிய மாற்றம் கண்ணில் பட வேண்டுமானால் முந்தின நாள் அதே இடம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தினமும் கால் படுகிற இடம்தான் அதற்கு உதவும். மொட்டை மாடி, கொல்லைப்புறம், பேருந்து நிறுத்தத்து வேப்பமரத்தடி, அடுக்ககத்துச் சமையலறை ஜன்னல் என எதுவானாலும் சரி. ஒன்றைத் தேர்ந்துகொண்டு நூறு நாளும் மாற்றாதீர்கள்.

நேரம் காலை ஆறிலிருந்து ஏழுக்குள், பத்து நிமிடம். முடிந்தால் அந்தியில் இன்னொரு பத்து நிமிடம். கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. பேனா மை மழையில் கரையும். கைபேசியில் எழுதிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம், ஆனால் அதைத் திறந்தால் வேறு பத்து விஷயம் எட்டிப் பார்க்கும், பத்து நிமிடமும் போய்விடும்.

காற்று

சிவகங்கைப் பக்கம் எங்கள் அப்பத்தா பருவ மாற்றத்தை நாட்காட்டியில் பார்த்ததில்லை. புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை முற்றத்தில் நின்று அடுப்புப் புகை போகும் பக்கத்தைப் பார்ப்பார். "காத்து திரும்பிருச்சு. வெறகை அள்ளி உள்ள போடுங்கடா" என்பார். மழை வர ஒரு வாரம் ஆகும், சில ஆண்டு பத்து நாள் ஆகும். விறகு மட்டும் நனைந்ததில்லை. அவர் பார்த்தது என்ன என்பதை நான் விளங்கிக்கொண்டது வெகுகாலம் கழித்துத்தான்.

ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாக இந்தப் பக்கம் பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய மூன்றும் அதற்குப் பெரிய வாசல்கள். அம்மியும் பறக்கும் என்று பழமொழி சொன்னது இந்தக் காற்றைத்தான். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்பதும் இதை நம்பித்தான். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிறவர்கள் ஆடியில் காற்றாலைகளின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மேற்கே பார்த்துச் சுழலும். ஐப்பசியில் அதே வழியில் திரும்பி வரும்போது பல இறக்கைகள் மெல்லச் சுற்றும், சில நின்றே கிடக்கும்.

உங்கள் மாடியில் செய்ய வேண்டியது எளிது. கண்ணுக்குத் தெரிகிற கொடி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்சிக் கொடி, கோயில் கொடி, காயப்போட்ட வேட்டி, தேநீர்க்கடைப் புகை, எதுவும் போதும். ஆடிக் காலையில் கொடி கிழக்கு நோக்கிப் பறக்கும். கடலோர ஊர்க்காரர்கள் பிற்பகலில் பார்த்து ஏமாற வேண்டாம். வெயில் ஏறினால் கடற்காற்று உள்ளே வந்து கொடியைத் திருப்பிவிடும். அது அன்றாடம் வந்து போகும் காற்று. பருவக்காற்றின் திசையைக் காலையில்தான் நம்பிப் பார்க்கலாம்.

பிறகு ஒரு மந்தம் வரும். புரட்டாசியில் சில நாட்கள் கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடக்கும். மேல்காற்று தளர்ந்திருக்கும், கீழ்க்காற்று பிறந்திருக்காது. வேர்வை உலராது, இரவில் தூக்கம் பிடிக்காது. "பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று புரட்டாசியைச் சொன்னவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள். பலர் இதைக் கோடை திரும்பி வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கவனிப்பவருக்கு இந்த மந்த நாட்கள்தாம் மிக முக்கியம். எத்தனை நாள் கொடி அசையவில்லை என்று எண்ணி எழுதுங்கள்.

அதன்பின் ஒரு காலை, பெரும்பாலும் அக்டோபர் நடுவுக்கு மேல், கொடி தெற்கும் தென்மேற்குமாகச் சாயும். காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது என்று பொருள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20. அதை அறிவிக்கும் முன் அவர்கள் பார்க்கிற அடையாளங்களில் தமிழகக் கரையில் கீழ்க்காற்று நிலைத்துவிட்டதா என்பதும் ஒன்று. அப்பத்தா புகையில் பார்த்ததும் அதுதான். மீனவர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணக் கரையிலும் அதே சொற்கள் புழங்குகின்றன. கடலோரத்தில் இருப்பவர்கள் காலையில் கரைக்குப் போய், "அண்ணே, இன்னைக்கு என்ன காத்து?" என்று கேட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல பாடம் வேறெங்கும் கிடைக்காது.

மேகத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆவணியில் சென்னையிலும் வட மாவட்டங்களிலும் மழை மேற்கே கறுத்து, இடி மின்னலோடு சாயங்காலமோ இரவோ வரும். ஐப்பசியில் மேகம் கடலிலிருந்து ஏறும். கரையோரத்தில் விடிகாலையில் பெய்யும். ஜன்னலில் சாரல் அடிக்கும் பக்கம் மாறுகிறது. வீட்டின் எந்தச் சுவர் நனைகிறது என்பதும் ஒரு குறிப்புதான்.

ஊருக்கு ஊர் இது வேறுபடும். வால்பாறை, கூடலூர்க்காரர்களுக்குப் பெருமழை ஆடியிலேயே வந்திருக்கும். அவர்கள் காண்பது மழை குறைவதை. குற்றாலத்தில் ஆனி, ஆடிச் சாரல் ஒரு மழை, ஐப்பசிப் பெருமழை வேறொரு மழை. குமரி மாவட்டம் இரண்டு பருவத்திலும் நனையும். கிழக்குச் சமவெளிக்கோ ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இனிமேல்தான் வர வேண்டும். உங்கள் ஊர் எந்த வகை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

நிழல் புரளும் நாள்

வெயிலைப் பற்றி இரண்டு விஷயம் போதும். இரண்டும் எளிதில் கண்ணுக்குத் தெரிபவை.

ஒரு முழ நீளக் குச்சியை மொட்டை மாடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஆடியில் உச்சிவேளையில் அதன் நிழல் தெற்கே விழும். சூரியன் நம் தலைக்கு வடக்கே போயிருக்கும் காலம் அது. பிறகு நிழல் நாளுக்கு நாள் குறுகி, ஒரு நாள் இல்லாமலே போகும். சென்னையில் அது ஆகஸ்ட் 18 வாக்கில், கோவையிலும் திருச்சியிலும் 24ஐ ஒட்டி, மதுரையில் 27ஐ ஒட்டி, கன்னியாகுமரியில் செப்டம்பர் முதல் தேதி வாக்கில். அதற்கு மறுநாளிலிருந்து நிழல் வடக்கே விழத் தொடங்கும். உச்சிவேளை என்பது கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல. அந்த நாட்களில் சென்னையில் 12.13, கோவையில் 12.24 வாக்கில். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தவறவிடாதீர்கள். நிழல் புரண்டதை ஒருமுறை தானே பார்த்த பிள்ளைக்குத் தட்சிணாயனம் என்ற சொல்லைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளும் இதைக் காணலாம். ஆனி, ஆடியில் வடக்கு ஜன்னலில் எட்டிப் பார்த்த வெயில் புரட்டாசிக்குப் பிறகு தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

இரண்டாவது, மாலை. சென்னையில் ஆவணி பிறக்கும்போது சூரியன் 6.29க்கு மறைகிறது. புரட்டாசி பிறக்கும்போது 6.08. ஐப்பசி பிறக்கும்போது 5.48. ஆனால் விடியல் இந்த மூன்று மாதப் பிறப்பிலும் ஆறு மணியை ஒட்டியே நிற்கிறது. இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் மாறுவதில்லை. பகல் குறைவது முழுக்க மாலைப் பக்கத்தில்தான். காலையில் நடைப்பயிற்சி போகிறவர்களுக்கு எதுவும் தெரியாமலிருப்பதும், வேலை முடிந்து வருகிறவர்கள் "என்ன, அதுக்குள்ள இருட்டிடுச்சே" என்பதும் இதனால்தான்.

ஓயும் குரலும் வரும் குரலும்

புதிதாக வருவதை எல்லோரும் கவனிப்பார்கள். நின்றுபோனதைக் கவனிப்பது கடினம். இந்த நூறு நாளில் உங்கள் தெருவில் நின்றுபோகும் குரல் குயிலுடையது.

பங்குனியில் ஏறத் தொடங்கிய ஆண்குயிலின் கூவல் ஆடி வரை ஓயாது. காக்கைக் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சு ஆடியில் காக்கையின் பின்னால் வாயைத் திறந்துகொண்டு அலைவதையும் பார்க்கலாம். ஆவணியில் கூவல் குறையும். புரட்டாசியில் அத்தி பூத்தாற்போல ஒன்று. ஐப்பசியில் இல்லை. குயில் எங்கும் போய்விடவில்லை. அதே மாமரத்தில் பேசாமல் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருக்கும். இனப்பெருக்கம் முடிந்தது, குரலும் ஓய்ந்தது. உங்கள் தெருவில் குயில் கடைசியாகக் கூவிய தேதி எது? கேட்ட அன்று அது கடைசி என்று தெரியாது. அதனால்தான் தினமும் "குயில் உண்டு", "குயில் இல்லை" என்று ஒரு சொல்லாவது எழுதச் சொல்கிறேன். இரண்டு வாரம் "இல்லை" என்று வந்தபிறகு பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினால் அந்தத் தேதி கிடைக்கும்.

அந்த மௌனத்துக்குள் வேறு குரல்கள் வந்து சேர்கின்றன. மலையூர்களில் முதலில் வருவது சாம்பல் வாலாட்டி. ஓடைக் கல்லின்மேல் வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும் ஒல்லியான பறவை. செப்டம்பரில் நீலகிரி, ஆனைமலைப் பக்கத்து ஓடைகளில் தென்படும். சமவெளியில் முட்செடி உச்சியிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்து கரகரவென்று திட்டுவதுபோலக் கத்தினால் அது பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியாப் பக்கமிருந்து வருகிறது. போன ஆண்டு உட்கார்ந்த அதே புதருக்குத் திரும்பி வரும் பழக்கம் அதற்கு உண்டு. ஓராண்டு அதைக் கண்ட இடத்தைக் குறித்து வைத்தால் மறு ஆண்டு அதே இடத்தில் காத்திருக்கலாம். வயல்வெளி மின்கம்பிகளில் வரிசையாகத் தகைவிலான்கள் உட்காரத் தொடங்குவதும் இந்த நாட்களில்தான்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் இரட்டை விசில்போலக் கூப்பிடும். அதனால்தான் அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலம் மின்னும் சிறகு, செந்நிற அடிவயிறு, குட்டை வால். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவுகளில் பறந்து தெற்கே வருகிறது. வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டு வராந்தாவிலும் ஜன்னலடியிலும் விழுந்து கிடப்பதுண்டு. செப்டம்பர் இறுதி, அக்டோபரில் அப்படி ஒன்றைக் கண்டால் இதைச் செய்யுங்கள்: காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து அதை மெதுவாக வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் சில மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். படம் எடுக்கக் கூட்டம் சேர்க்காதீர்கள். தெளிந்தபின் வெளிச்சம் மறையுமுன் புதர் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்து வையுங்கள், தானே போகும். அடிபட்டு ரத்தம் தெரிந்தால் மட்டும் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள்.

இரவுக் குரல் தவளைகளுடையது. முதல் பெருமழை பெய்து பள்ளங்களில் நீர் நின்ற இரவில் அது தொடங்கும். மறுநாள் காலை குட்டையோரம் போனால் எலுமிச்சை மஞ்சளில் பெரிய தவளைகளைக் காணலாம். வேறு இனம் இல்லை. பெண்ணை அழைக்க ஆண் தவளை போட்டுக்கொள்ளும் நிறம். சில நாளில் மங்கிவிடும்.

தட்டான், ஈசல், பட்டாம்பூச்சி

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்பார்கள். நான் பார்த்தவரை தப்பிய நாட்களும் உண்டு. ஆனாலும் மழைநாட்களை ஒட்டித் திறந்த வெளிகளில் நூற்றுக்கணக்காகச் சுற்றும் அந்த மஞ்சள் தட்டான் நின்று பார்க்கத் தக்கது. மழையில் நிறைந்த சின்னக் குட்டைகளில் முட்டையிட்டு, அவை வற்றுமுன் சில வாரங்களில் வளர்ந்துவிடும் இனம். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், நன்னீர்க்குட்டை கூட அரிதான அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் இவை ஏன் படையெடுக்கின்றன என்று கேட்டுப் பல ஆண்டு குறிப்பெடுத்தார். இந்தியாவிலிருந்து கடல்மேல் வீசும் காற்றை உயரத்தில் பிடித்துக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்கா நோக்கிப் போகின்றன என்று 2009இல் எழுதினார். உங்கள் மாடிக் கொடியைத் திருப்புகிற அந்த வடகிழக்குக் காற்றுதான் அந்தத் தட்டானையும் கடல் கடக்க வைக்கிறது.

மேற்கு மாவட்டங்களில் இருப்பவர்கள் பட்டாம்பூச்சியைப் பாருங்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, கோவைப் பக்கம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, கறுப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடும் புள்ளியும் கொண்ட நீல வரியன்கள் ஒரே திசையில், மேற்கே, போய்க்கொண்டிருக்கும். ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை போன்ற கிழக்குத் தொடர்ச்சிக் குன்றுகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகின்றன. தென்மேற்கு மழைக்கு முன்னால் அங்கிருந்து இங்கே வந்தவற்றின் வழித்தோன்றல்கள் இவை. சாலையோரம் நின்று ஐந்து நிமிடத்தில் எத்தனை கடந்தன, எந்தத் திசையில் என்று எண்ணினால் போதும். கிலுகிலுப்பைச் செடி இருந்தால் அதில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதையும் காணலாம். அதன் சாற்றிலுள்ள ஒரு பொருள் ஆண்பூச்சிகளுக்குத் தேவை.

ஈசலைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிடலாம். அதற்கு ஒருநாள் வாழ்வு என்பது சரியில்லை. மழை ஓய்ந்த அந்தியில் புற்றிலிருந்து கிளம்புபவை கறையானின் இளவரசர்களும் இளவரசிகளும். பெரும்பாலானவை காக்கைக்கும் மைனாவுக்கும் பல்லிக்கும் இரையாகும். தப்பிய ஒரு ஜோடி சிறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போய்ப் புதுப் புற்று தொடங்கும். அதில் ராணி பல ஆண்டு வாழும். காலையில் வாசலில் கிடக்கும் சிறகுகளைப் பெருக்குமுன் தேதியைக் குறியுங்கள். எறும்பு முட்டை தூக்கிப் போவதாகச் சொல்கிறோமே, அவை பெரும்பாலும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். மண் நனைந்து புற்றில் நீர் இறங்கும் என்றால் மேட்டுக்கு மாற்றுகின்றன.

செம்மண் பூமியில் முதல் மழைக்கு மறுநாள் தம்பலப்பூச்சி வெளிவரும். சில ஊர்களில் வெல்வெட் பூச்சி என்பார்கள். சங்கப் புலவர்கள் மூதாய் என்றார்கள். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும் உயிர் அது. தீப்பெட்டியில் அடைத்து விளையாடிய தலைமுறை எங்களுடையது. இப்போது கண்டால் அப்படியே விட்டுவிடச் சொல்லிப் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன். மேலே உலவ அதற்குக் கிடைத்திருப்பவை சில நாட்கள்தாம்.

பழவாசம்

கண்ணைவிட மூக்கு முந்திக்கொள்ளும் மாற்றங்கள் சில. பனங்காட்டுப் பக்கம் ஆவணியில் பனம்பழ வாசம் வரும். இரவில் தொப்பென்று விழும் சத்தமும் கேட்கும். நுங்காகத் தப்பியவை பழமாகி விழுகின்றன. சுட்டுத் தின்றபின் கொட்டைகளை மண்ணில் புதைத்துவிட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்கும். ஆடியோடு நாவற்பழம் போகும், விளாம்பழமும் சீத்தாப்பழமும் கூடைக்கு வரும். பழக்கடைப் பாட்டியின் கூடை மாறுவதையும் நோட்டில் எழுதலாம், அதில் பிழையில்லை.

நகரத்தில் அந்த வேலையை ஏழிலைப்பாலை செய்கிறது. அக்டோபர், நவம்பர் இரவுகளில் அதன் பூவாசம் தெருவையே நிறைக்கும். சிலருக்குத் தலைவலியே வரும். மரமல்லி இருக்கும் சாலையில் காலையில் நீளக் காம்போடு வெண்பூக்கள் விரித்ததுபோலக் கிடக்கும். வேலியோரத்தில் செங்காந்தள் மழை கண்டு கொடியேறி, ஆவணிக்கு மேல் மஞ்சளும் சிவப்புமாகச் சுடர்விடும். ஈழத்தில் அதற்குக் கார்த்திகைப் பூ என்று பெயர். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. பிள்ளைகள் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் தும்பை முளைத்து வெள்ளைப் பூ வைக்கும்போது மண்ணில் ஈரம் தங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

பூவை மட்டும் நம்பிப் பருவத்தைத் தீர்மானிக்க வேண்டாம். குறுந்தொகையில் கோவர்த்தனார் பாடிய ஒரு பாட்டில், பருவமல்லாத மழையைக் கார் என்று நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டதாகத் தோழி சொல்கிறாள். தலைவியைத் தேற்றச் சொன்ன பேச்சு அது. ஆனால் ஒரு மரம் காலம் தவறிப் பூக்கக்கூடும் என்பதைக் கவனித்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். சங்கப் பாட்டில் கார்காலத்து மலராக வரும் அதே கொன்றையை நாம் இன்று பெரிதும் சித்திரை, வைகாசியில் பார்க்கிறோம். ஆகவே மூன்று வேறு வகைக் குறிகள் சேராமல் முடிவு கட்டாதீர்கள். காற்று திரும்பியது, குயில் ஓய்ந்தது, கீச்சான் வந்தது என்றால் நம்பலாம். பூ மட்டும் என்றால் காத்திருங்கள்.

வானத்திலும் ஒரு குறி உண்டு. மேகம் விலகிய இரவுகளில் கிழக்கே கார்த்திகை மீன்கூட்டத்தைத் தேடுங்கள். சின்னத் திராட்சைக் கொத்துப்போல இருக்கும். புரட்டாசித் தொடக்கத்தில் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் எழும். ஐப்பசித் தொடக்கத்தில் ஏழரை. கார்த்திகை மாதம் பிறக்கும்போது பொழுது சாயும் நேரத்திலேயே எழுந்துவிடும். தேள் வடிவ விருச்சிகம் அதே வேகத்தில் தென்மேற்கில் சரிந்து மறையும்.

குறிப்பேடு

எழுதும் முறைக்கு ஒரு மாதிரி:

ஆவணி 6, ஆகஸ்ட் 22. காலை 6.20. கொடி கிழக்கே, விட்டு விட்டு. வானம் பாதி மேகம். குயில் இரண்டு முறை. வேம்பின் கீழ் பழம் இல்லை. நேற்று இரவு மேற்கே மின்னல், மழை இல்லை.

இவ்வளவு போதும். "அழகான காலை" என்று எழுதாதீர்கள்; அடுத்த ஆண்டு படிக்கும்போது அதிலிருந்து ஒன்றும் தெரியாது. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி இரண்டும் இருக்கட்டும். தமிழ் மாதப் பிறப்பு சில ஆண்டு ஒரு நாள் தள்ளும். ஒப்பிட ஆங்கிலத் தேதி உதவும், பெரியவர்களிடம் கேட்கத் தமிழ்த் தேதி உதவும். பார்க்கத் தவறிய நாளைப் பற்றிப் பின்னர் யோசித்து எழுதாதீர்கள், வெறுமையாக விடுங்கள். பெயர் தெரியாத பறவைக்குப் பெயர் ஊகிக்காதீர்கள். "கருப்புக் கண்பட்டை, பழுப்பு முதுகு, மின்கம்பியில், கரகர" என்று எழுதினால் பிறகு யாராவது சொல்வார்கள்.

ஓராண்டுக் குறிப்பை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு புயல் எல்லாவற்றையும் பத்து நாள் முன்னே பின்னே இழுத்துவிடும். மூன்று ஆண்டு சேர்ந்தால் உங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் புலப்படும். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியைச் சேர்ந்த இராபர்ட் மார்ஷம் 1736இல் தொடங்கிய இத்தகைய குறிப்பை அவர் குடும்பத்தார் 1958 வரை தொடர்ந்தார்கள். பூப்பதும் தளிர்ப்பதும் வெப்பத்தோடு எப்படி நகர்கின்றன என்று ஆராய்பவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். நம்மிடம் மா. கிருஷ்ணன் இருந்தார். சென்னையில் இருந்துகொண்டு 1950 முதல் 1996இல் இறந்த நாள்வரை 46 ஆண்டு, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். மரங்களைக் கவனிக்க விரும்பும் பள்ளிகளுக்கு இப்போது சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. ஒரு மரத்தைத் தேர்ந்து வாரந்தோறும் தளிர், பூ, காய் பார்த்து அனுப்பலாம். நாடு முழுவதும் சேரும் குறிப்புகளோடு உங்களுடையதும் சேரும்.

நம் ஊர்களில் காற்றுக்கும் மழைக்கும் பெயர் தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் அப்பத்தா எந்த ஆண்டு எந்தத் தேதியில் காற்று திரும்பியதாகச் சொன்னார் என்று எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாளைக் காலை ஆறரைக்கு மாடிக்குப் போய்க் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். தேதி போட்டு முதல் வரியை எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.